சிறுவாட்டின் கணக்கு

தொழிற்சாலையில் குறைந்த நேரத்தில் நிறைய வேலை நடந்தால் அதைச் செயல்திறன் என்கிறோம். வீட்டில் குறைந்த பணத்தில் நிறைய காரியம் நடந்தால் அதைச் சிக்கனம் என்கிறோம். முன்னதற்கு ஊக்கத்தொகை உண்டு. பின்னதற்குக் கிடைப்பது, அதுவும் எப்போதாவது, "நல்ல குடும்பப் பொண்ணு" என்ற பெயர்தான். சிக்கனம் செய்து மிச்சம் பிடித்ததைக் கணவருக்குத் தெரியாமல் ஒதுக்கிவைத்தால் அதற்கும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: சிறுவாடு. பெண்கள் ரகசியமாகச் சேர்க்கும் பணத்துக்கென்றே ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது என்றால், அந்தப் பழக்கம் எத்தனை காலமாக, எத்தனை வீடுகளில் இருந்திருக்க வேண்டும்!

குடும்பத்துக்குள் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன, அவை செயல்திறன் உள்ளவையா என்று பொருளியல் அறுபது ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. தமிழ் படித்தவளாகிய நான் அந்த ஆய்வுகளுக்குள் போனது, சிறுவாட்டை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று பார்ப்பதற்காக. அதை இழப்புக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

நிமிடங்களை எண்ணும் ஊர்

நான் வாழும் பகுதி நிமிடங்களை எண்ணிப் பழகியது. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் வந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் சைரன் ஒலிக்கு எழுந்து, ஷிப்டுக்குக் கிளம்பும் வாழ்க்கை தொடங்கியது.

தொழிற்பேட்டையின் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு 'எஃபிஷியன்சி' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. லைனுக்கு மேலே தொங்கும் பலகையில் மணிக்கு மணி எழுதுவார்கள். ஒரு சட்டைக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர் எட்டு மணி நேரம் வேலை செய்தால் மொத்தம் 14,400 நிமிடம். அன்று 432 சட்டை முடிந்திருந்தால் கணக்கில் ஏறுவது 8,640 நிமிடம். ஆக, எஃபிஷியன்சி 60 சதவீதம். மிச்ச நிமிடங்கள் எங்கே போயின என்று சூப்பர்வைசர் கேட்பார். தண்ணீர் குடிக்கப் போனதும் கழிப்பறைக்குப் போனதும் அந்தக் கேள்விக்குள் அடக்கம்.

இந்த அளவுகோலை உருவாக்கியவர்களில் ஒருவர் பெண். அமெரிக்காவின் லில்லியன் கில்பிரெத்தும் அவருடைய கணவர் பிராங்கும் தொழிலாளரின் அசைவுகளைப் படம்பிடித்து, எதை வெட்டலாம் என்று ஆராய்ந்தவர்கள். 1924இல் கணவர் இறந்ததும், ஒரு பெண்ணின் ஆலோசனையை ஏற்கத் தயங்கிய நிறுவனங்கள் விலகின. பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருந்த அவர் தன் அறிவைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, எத்தனை அடி நடை மிச்சமாகும் என்று அளந்தார். அந்தச் சிந்தனை பின்னர் நம் மனையியல் பாடப்புத்தகங்கள் வரை வந்தது.

அவர் அளந்தது நடையை. அந்த நடையை ஏன் ஒருவரே நடக்க வேண்டும் என்பது அந்த அளவில் வரவில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கியபோது ஆட்டுக்கல்லிலிருந்து விடுதலை கிடைத்தது உண்மை. அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் என் தெருவில் வாரம் ஒருமுறை அரைத்த மாவு வாரம் மூன்றுமுறை அரைக்கப்பட்டது. இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தை இட்லி எடுத்துக்கொண்டது.

வீட்டு நிமிடங்களை இந்திய அரசு எண்ணத் தொடங்கியது மிகவும் தாமதமாக. 1998-99இல் இந்திரா ஹிர்வே தலைமையிலான தொழில்நுட்பக் குழுவின் வழிகாட்டலில், ஆறு மாநிலங்களில் முன்னோட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாடு அந்த ஆறில் ஒன்று. நாடு முழுவதற்குமான கணக்கெடுப்புக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அப்படி ஈடுபட்டவர்களே பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். 2024 கணக்கெடுப்பில் நிமிடங்கள் 289, 88 என்று ஆகியிருக்கின்றன. இருவருக்குமே குறைந்திருக்கிறது, இடைவெளி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

ஒரு வீடு, ஒரு மனம்

வீடு என்பது நுகரும் இடம் மட்டுமல்ல, உற்பத்தி செய்யும் இடமும்கூட என்று 1934இலேயே புத்தகம் எழுதியவர் மார்கரெட் ரீட். ஆனால் குடும்பத்தைப் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்த பெருமை கேரி பெக்கருக்குப் போனது. நேரப் பங்கீடு பற்றிய அவருடைய கட்டுரை 1965இல் வந்தது, குடும்பம் பற்றிய நூல் 1981இல். 1992இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவருடைய வீட்டில் ஒரு தலைவர் இருக்கிறார். அவர் எல்லோர் நலனையும் மனதில் கொண்டு பங்கிடுகிறார். அதனால் மற்றவர்களும் குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பெருக்கவே முயல்கிறார்கள். ஆக, வீடு முழுவதும் ஒரே மனம்.

இது நமக்குப் புதிதில்லை. குறளின் ஆறாம் அதிகாரம் மனைவியிடம் எதிர்பார்ப்பது, கணவனின் வருவாய்க்குத் தக்கபடி நடக்கும் வாழ்க்கையை. வருவாய் அவனுடையது, அதற்குள் நடத்திக்காட்டும் திறமை அவளுடையது. 'குடும்பத் தலைவர்' என்று ரேஷன் கார்டில் அச்சிடப்பட்ட சொல்லும் இதே குடும்பத்தைத்தான் குறிக்கிறது. சிகாகோவின் சமன்பாடும் நம் வீட்டு நீதியும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துப்போயின.

பின்னால் வந்தவர்கள் வீட்டுக்குள் இரண்டு மனங்கள் உண்டென்று ஒப்புக்கொண்டார்கள். பிரான்சின் பியர்-ஆந்த்ரே ஷியாப்போரி 1980களின் இறுதியில் முன்வைத்த மாதிரியில் கணவன் மனைவிக்குத் தனித்தனி விருப்பங்கள் இருக்கலாம். ஆனால் அவர்கள் எடுக்கும் முடிவு 'பரேட்டோ திறன்' கொண்டதாக இருக்கும் என்பது அதன் அடிப்படை. ஒருவருக்குக் குறைக்காமல் இன்னொருவருக்குக் கூட்ட முடியாத நிலைதான் பரேட்டோ திறன்.

ஒரு வீட்டில் ஆறு இட்லி இருக்கிறது. கணவன் ஐந்து சாப்பிடுகிறான், மனைவி ஒன்று. எதுவும் வீணாகவில்லை. அவளுக்கு இரண்டாவது இட்லி வேண்டுமென்றால் அவனுடையதிலிருந்து எடுத்தாக வேண்டும். ஆகவே இது செயல்திறன் உள்ள பங்கீடு. மூன்றுக்கு மூன்று என்பதும் அப்படியே. இரண்டுக்கும் இந்த அளவுகோலில் ஒரே மதிப்பெண். வகுப்பில் இதைச் சொன்னபோது, "அப்போ இதை எதுக்கு மிஸ் அளக்கறாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வீடு நன்றாக நடக்கிறது என்பதைத்தான் அந்த அளவு சொல்லும், நியாயமாக நடக்கிறதா என்பது அதன் வேலை இல்லை.

சரி, அந்தக் குறைந்தபட்சத் திறனாவது வீடுகளில் உண்டா? கிறிஸ்டோபர் உத்ரி 1996இல் வெளியிட்ட ஆய்வு புர்கினா ஃபாசோவின் வயல்களைப் பற்றியது. அங்கே கணவனும் மனைவியும் தனித்தனி நிலத்தில் பயிர் செய்கிறார்கள். ஒரே வீடு, ஒரே ஆண்டு, ஒரே பயிர். ஆனாலும் மனைவியின் நிலத்தில் விளைச்சல் குறைவு. எருவும் ஆள்பலமும் கணவனின் நிலத்துக்கே போயிருந்தன. சரியாகப் பகிர்ந்திருந்தால் மொத்த விளைச்சல் ஏறக்குறைய 6 சதவீதம் கூடியிருக்கும் என்பது அவர் கணக்கு. ஆணுக்குச் சாதகமான பங்கீடு குடும்பத்துக்கே நஷ்டம்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே ஒருவர் வேறு வழியில் இந்தக் கதவைத் தட்டியிருந்தார். மானுடவியலாளர் ஜோன் மென்ச்சர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில், யார் சம்பாதித்ததில் எவ்வளவு வீட்டுக்கு வருகிறது என்று தனித்தனியாகக் கேட்டார். 1988இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, பெண்கள் தம் கூலியை ஏறக்குறைய முழுவதுமாக வீட்டுக்குக் கொடுத்ததையும், ஆண்கள் கணிசமான பங்கைத் தமக்கென நிறுத்திக்கொண்டதையும் காட்டியது. ஆண் நிறுத்திக்கொண்டதற்கு 'கைச்செலவு' என்று பெயர். அதை அவன் ஒளிக்க வேண்டியதில்லை. பெண் நிறுத்திக்கொண்டால்தான் அது சிறுவாடு.

ஒளித்துவைத்த பணம்

இப்போது சிறுவாட்டுக்கு வருகிறேன். பொருளியலாளர்கள் இதை விளையாட்டுகள் மூலம் ஆராய்ந்திருக்கிறார்கள். கிராமப்புற உகாண்டாவில் 240 தம்பதிகளிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாகப் பணம் தருவார்கள். அதைத் தாமே வைத்துக்கொள்ளலாம், அல்லது பொதுப் பானையில் போடலாம். பானையில் விழுவதை ஆய்வாளர்கள் பெருக்கித் தருவார்கள். இருவரும் முழுவதையும் போட்டால் வீட்டுக்கு மொத்த லாபம் அதிகம். ஆனால் அவர்கள் முழுவதையும் போடவில்லை. பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகப் போட்டார்கள். பானையைப் பங்கிடும் பொறுப்பு மனைவியிடம் இருந்தபோது மொத்த லாபம் கூடியது.

பெண்கள் குறைவாகப் போட்டார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், பெண்கள்தான் வீட்டின் திறனைக் கெடுக்கிறார்கள் என்று முடிக்கலாம். நவா அஷ்ரப் பிலிப்பைன்ஸில் செய்த ஆய்வை (2009) அதன் அருகில் வைக்க வேண்டும். அங்கே பல வீடுகளில் பணத்தை நிர்வகிப்பது மனைவி. அத்தகைய வீடுகளின் ஆண்களிடம் பணம் தந்து, மனைவிக்குத் தெரியாமல் தெரிவு செய்யலாம் என்றபோது, அவர்கள் அதைத் தங்கள் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். மனைவியோடு பேசிவிட்டு முடிவெடுக்கச் சொன்னபோது பணம் மனைவியின் கணக்குக்குப் போனது. ஆக, ஒளிப்பது பெண்ணின் குணம் இல்லை. பணத்தின் மேல் கட்டுப்பாடு இல்லாதவர் யாராக இருந்தாலும் ஒளிக்கிறார்.

என் அம்மாவின் சிறுவாடு உளுந்து டப்பாவின் அடியில் இருந்தது. அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பார், பிறகு அன்றாடம் கணக்குக் கேட்பார். மளிகையில் இரண்டு ரூபாய், பேப்பர் விற்றதில் மூன்று ரூபாய் என்று அம்மா சேர்த்தார். என் பத்தாம் வகுப்புத் தேர்வுக் கட்டணம், பாட்டியின் கண்ணாடி, பின்னொருநாள் நான் பி.ஏ. தமிழ் சேர்ந்தபோது முதல் தவணை, எல்லாம் அந்த டப்பாவிலிருந்து வந்தவை. 'தமிழ் படிச்சு என்ன ஆகப்போகுது' என்ற பேச்சை அம்மா எதிர்த்து வாதாடவில்லை. பணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். ஆய்வின் மொழியில், எங்கள் வீட்டில் தகவல் மறைப்பு இருந்தது, அதனால் திறன் இழப்பும் இருந்தது. அந்த இழப்பில் படித்தவள் நான்.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டுச் சிறுவாடு முழுவதும் ஒரே இரவில் வெளிச்சத்துக்கு வந்தது. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை வங்கியில் போட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசு சொன்னது. கேள்வி கேட்பது வருமான வரித்துறை மட்டும் என்று அரசு நினைத்தது போலும். தையல் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண் பத்தொன்பது ஆயிரத்தைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். "உங்க கணக்குல போட்டுக் குடுங்க மிஸ். என் கணக்குல போட்டா அவரு போனுக்கு மெசேஜ் போயிரும்" என்றார். கணக்கு அவர் பெயரில்தான் இருந்தது, கைபேசி எண் மட்டும் கணவருடையது. அந்த டிசம்பரில் வீடுகள் முன்னெப்போதையும்விடத் திறன் கூடியவையாக ஆகியிருக்க வேண்டும், தகவல் மறைப்பு ஒழிந்துவிட்டதே. எத்தனை பெண்களின் பிடிமானம் அதோடு போனது என்பதை எந்தப் பலகையும் காட்டவில்லை.

விலகினால் மிஞ்சுவது

குடும்பத்தைப் பேரமாகப் பார்க்கும் பொருளியல் மாதிரிகள் 1980 முதல் வரத் தொடங்கின. அமர்த்தியா சென் இதை 'ஒத்துழைப்பும் முரணும்' என்று விரித்தார். பினா அகர்வால் நிலவுரிமையோடு இணைத்தார். தெற்காசியாவில் பெண்களின் நிலவுரிமை பற்றிய அவருடைய பெருநூல் 1994இல் வந்தது. பேச்சு முறிந்தால் ஒருவர் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் பேச்சில் அவருடைய பலம் என்பது இவர்கள் வாதத்தின் சாரம். இதைச் சொல்லப் பேராசிரியர்கள் வேண்டியதில்லை. "எங்க போகப்போறா?" என்ற கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் உண்டா?

அந்தக் கேள்விக்கான விடையை இங்கே அரசியல் முன்பே தேடியிருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. நாடு முழுவதும் அது வர 2005 ஆயிற்று. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான மகள்களுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் பொருந்தவில்லை. 1974இல் மணமான என் அம்மா அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர். பூந்தமல்லிப் பக்கத்தில் தாத்தாவின் நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது அம்மா சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பட்டுப்புடவையும் சிறு தொகையும் கிடைத்தன. சட்டம் தந்த கோட்டுக்கு உள்ளே இருந்த என் சித்தியும் அதே நாளில் அதே இடத்தில் கையெழுத்திட்டார். அண்ணன் வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பது இருவருக்கும் ஒரே காரணம். பிறந்த வீட்டு உறவை விலையாகக் கொடுத்துத்தான் பங்கைக் கேட்க முடியும் என்றால், அந்தப் பங்கு கணவன் வீட்டில் பேசும்போது எப்படிப் பலமாகும்?

சட்டம் பயன் தரவே இல்லை என்று சொல்லவரவில்லை. சிவன் ஆண்டர்சன், கராங்ஸ் ஜெனிக்கோ ஆகிய இருவரும் மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் செய்த இத்தகைய திருத்தங்களின் விளைவை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை வந்த இடங்களில் ஆண், பெண் இருபாலரின் தற்கொலையும் கூடியிருந்தது, மனைவியை அடிப்பதும் கூடியிருந்தது. வீட்டுக்குள் மோதல் பெருகியதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இதைப் படித்துவிட்டுச் சொத்துரிமை ஆபத்தானது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மோதலில்லாத அந்தப் பழைய அமைதியை யார் விலை கொடுத்துக் காத்தார்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) ஒவ்வொரு மணமான பெண்ணிடமும் கேட்கிறது: உங்கள் மருத்துவம், பெரிய கொள்முதல், பிறந்த வீட்டுக்குப் போவது, இவற்றை யார் முடிவு செய்கிறார்கள்? தானோ கணவரோடு சேர்ந்தோ என்று மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பதுக்கும் மேல். அதே ஆய்வில், கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 38 பேர். இரண்டும் சேர்ந்திருக்க முடிகிறது. "ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணுவோம்" என்ற வாக்கியத்துக்குள் ஓர் அறை விழுந்த கன்னமும் இருக்கலாம். முடிவு என்ற சொல்லுக்குத் தமிழில் தீர்மானம் என்றும் பொருள், இறுதி என்றும் பொருள். யார் முடிவெடுத்தார் என்பதோடு, அதற்குப் பிறகு யார் பேச முடியாமல் போனார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

யாருடைய கையில்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். உதவித்தொகை என்னாமல் உரிமைத்தொகை என்று பெயரிட்டது சிறிய செயல் இல்லை. வீட்டு வேலையை வேலை என்று ஒரு மாநிலக் கருவூலம் ஒப்புக்கொண்டது அது. சிறுவாடு முதன்முதலாகப் பகிரங்கமாக, மாதாமாதம், ஒளிக்கத் தேவையில்லாமல் வருகிறது.

ஆனால் தகுதியை அளந்த விதம் பழையது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. வீட்டின் மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. வீட்டில் அரசு ஊழியர் இருக்கக் கூடாது, கார் இருக்கக் கூடாது. ஏழைகளுக்கு முதலில் என்பது நியாயமான நிதிக் காரணம். ஆனால் ஆவடியில் அரசுச் சம்பளக்காரரை மணந்து, தன் கையில் நூறு ரூபாய்கூட இல்லாமல் இருக்கும் பெண்ணிடம் இந்த விதி சொல்வது, உன் வீட்டில் இருப்பது உன்னிடம் இருப்பதாகவே கணக்கு என்று. பெக்கரின் ஒரே மனம் கொண்ட வீடு மின்மீட்டர் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

அதே 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பளித்தார். நெய்வேலியைச் சேர்ந்த கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை செய்து பணம் அனுப்பினார், மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து வீட்டை நடத்தினார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து முழுவதும் தனக்கே என்றார் கணவர். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவர் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே சொத்து உருவானதில் அவருடைய உழைப்பும் உண்டு, சமபங்கு உண்டு என்றது நீதிமன்றம். இது ஒரு தீர்ப்பு, சட்டமாக இன்னும் ஆகவில்லை. திருமண வாழ்வில் சேரும் சொத்து இருவருக்கும் உரியது என்று சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை.

அந்தச் சட்டம் வந்தால் சிறுவாடு தேவையற்றுப் போகலாம். அதுவரை, வீட்டை அளக்க வருபவர்கள் தங்கள் படிவத்தில் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி யாருடைய போனுக்கு வருகிறது? உங்கள் பெயரில் பத்திரம் உண்டா, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டீர்களா? கடந்த ஓராண்டில் எதற்காவது 'வேண்டாம்' என்று சொன்னீர்களா, சொன்ன பிறகு என்ன நடந்தது? நாளை காலை இந்த வீட்டைவிட்டுக் கிளம்பினால் எத்தனை நாள் தாங்குவீர்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது கணவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. உளுந்து டப்பாவைப் பற்றியும் கேட்கலாம், பதிலை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று உறுதி தந்தபின்.